அம்பாசிடருக்குள் மாருதியின் ஆல்டர்னேட்டர்

பழைய அம்பாசிடரின் டாஷ்போர்டில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். சாவியைத் திருப்பினால் எரியும். எஞ்சின் ஓடி, டைனமோ மின்சாரம் கொடுக்க ஆரம்பித்ததும் அணைந்துவிடும். மயிலாடுதுறையை அடுத்த குத்தாலத்தில் வாடகைக் கார் ஓட்டியவர்களுக்கு அந்த விளக்கு ஒரு தீராத கவலை. பகலில் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில், ராத்திரி நேரத்தில், ரயில்வே கேட்டில் வண்டி நிற்கும்போதுதான் அது மெல்லச் சிவக்கும். ஹெட்லைட் மஞ்சளடிக்கும். வைப்பர் இழுத்து இழுத்துப் போகும்.

அப்படி ஓட்டியவர்களில் ஒருவர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். தொண்ணூறுகளின் பிற்பாதியில் அவரிடம் மார்க் 3 பெட்ரோல் அம்பாசிடர் ஒன்று இருந்தது. திருமணஞ்சேரிக்குக் கல்யாணப் பரிகாரம் செய்ய வருகிறவர்களைக் குத்தாலம் ரயிலடியிலிருந்து ஏற்றிக்கொண்டு போவது தினசரி வேலை. சனிப்பெயர்ச்சி வந்தால் திருநள்ளாறு. வெளியூர்க்காரர்கள் நவக்கிரகச் சுற்றுக்குக் கேட்டால் விடியுமுன் கிளம்பி, சூரியனார்கோவில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் என்று சுற்றி, இருட்டிய பிறகுதான் திரும்ப முடியும். முகூர்த்த நாளில் நாதஸ்வரக் கோஷ்டியை நள்ளிரவில் கொண்டுபோய் விடுகிற சவாரியும் உண்டு. கோயில் வாசலில் நின்று கிளம்பும்போது செல்ஃப் எடுக்காமல் போனால், வந்த பக்தர்களே இறங்கித் தள்ள வேண்டும். அதில் அவருக்குப் பெரிய அவமானம். வாடகை கொடுத்து ஏறியவரைத் தள்ளச் சொல்லக்கூடாது என்று அவர் இன்றும் சொல்கிறார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் தவறு வண்டியிலும் இல்லை, ஓட்டுகிறவரிடமும் இல்லை. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வழிக் கார்களில் பரவலாக இருந்த லூகாஸ் சி40 டைனமோ, எஞ்சின் நல்ல வேகத்தில் ஓடும்போது அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும். இரண்டு ஹெட்லைட் பல்புகள், ஒவ்வொன்றும் 45 வாட் என்றால் 12 வோல்ட்டில் ஏழரை ஆம்பியர். பக்க விளக்கு, பின் விளக்கு எல்லாம் சேர்ந்து 2. இக்னிஷன் காயிலுக்கு 3 அல்லது 4. வைப்பருக்கு 3. பதினாறு ஆம்பியர் அங்கேயே போய்விட்டது. பிரேக் மிதித்தால் இன்னும் மூன்றரை. மழைக்கென்று பம்பரில் 55 வாட் ஹாலஜன் விளக்கு இரண்டு மாட்டியிருந்தார், அது ஒன்பது ஆம்பியர். அப்புறம் கேசட் பிளேயர். டைனமோவிலிருந்து வருவதைவிடப் போவது அதிகம். மிச்சத்தைப் பேட்டரிதான் கொடுத்துக்கொண்டிருந்தது. எஞ்சின் சும்மா ஓடும்போதோ டைனமோ கிட்டத்தட்ட எதுவும் தராது, முழுச் சுமையும் பேட்டரி தலையில்.

டைனமோவின் பிறவிக் குணம் அது. சுழல்கிற ஆர்மேச்சரிலேயே அதில் மின்சாரம் உண்டாகிறது. அத்தனை மின்சாரமும் செம்புத் துண்டுகள் அடுக்கிய கம்யூட்டேட்டரையும், அதில் உரசும் கார்பன்களையும் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். வேகமாகச் சுற்றினால் பொறி பறக்கும், கார்பன் தேயும், சுற்றிய கம்பி பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அதனால் பெரிய புல்லி போட்டு வேகத்தை அடக்கி வைத்தார்கள். அடக்கி வைத்ததன் விலைதான் ரயில்வே கேட்டில் மஞ்சளடித்த ஹெட்லைட்.

கடைவீதியில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தவர் அந்தக் கார்க்காரரைவிடப் பத்து வயது மூத்தவர். டைனமோ ஆர்மேச்சருக்குக் காயில் கட்டுவதில் கைதேர்ந்தவர். கார்பன் மாற்றியாயிற்று, கம்யூட்டேட்டரை லேத்தில் கடைந்தாயிற்று, டைனமோவை பேட்டரியோடு இணைத்துப் பிரிக்கும் கட்-அவுட் பெட்டியின் பாயிண்ட்டுகளைத் தேய்த்துச் சரிசெய்தாயிற்று. ஒரு மழைக்காலத்தில் கார்க்காரர் மறுபடி வந்து நின்றார்.

"அண்ணே, ராத்திரியில எங்கயும் நிறுத்த முடியலண்ணே. நிறுத்துனா பேட்டரி உக்காந்துடுது."

"டைனமோ இதுக்கு மேல குடுக்காது தம்பி. குடுக்கிற சாமான வேற வண்டியிலேர்ந்துதான் எடுக்கணும்."

வேற வண்டி என்றால் மாருதி 800.

அந்தத் தேர்வில் யோசனை இருந்தது. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800, தொண்ணூறுகளில் ஊருக்கு ஊர் வந்துவிட்டது. அதன் பின்னோடு ஆம்னி வேனும் வந்தது. அடிபட்ட வண்டிகளிலிருந்து கழற்றிய ஆல்டர்னேட்டர்கள் சென்னை புதுப்பேட்டையில் கிடைத்தன. சிறியது, கனம் குறைவு, வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கிறது. தனிப்பெட்டி தேவையில்லை. பழுதானால் கார்பன், பேரிங், டயோடு தட்டு எல்லாம் மயிலாடுதுறையிலேயே வாங்கலாம். பழைய வண்டிக்கு வேறு வண்டிச் சாமான் போடும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: அது மறுபடி கெட்டுப்போனால் ஊரில் மாற்று கிடைக்குமா? அபூர்வமான, சக்தி மிகுந்த ஒன்றைக் கொண்டுவந்து மாட்டி, பிறகு அதற்கு ஒரு ரெகுலேட்டர் கிடைக்காமல் வண்டியை ஷெட்டில் நிறுத்தியவர்கள் எத்தனையோ பேர்.

ஆல்டர்னேட்டரில் வேலை தலைகீழ். மின்சாரம் உண்டாவது அசையாத வெளிக்கூட்டில். சுழலும் ரோட்டருக்குப் போவது, அதைக் காந்தமாக்கத் தேவையான இரண்டு மூன்று ஆம்பியர் மட்டுமே. கார்பன்களுக்குச் சுமை இல்லை. ஆகவே டைனமோவைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றலாம், சின்னப் புல்லி போடலாம், எஞ்சின் மெதுவாக ஓடும்போதே சார்ஜ் ஏறும். உள்ளே பிறப்பது பம்புசெட்டுக்கு வருகிற அதே மும்முனை மின்சாரம்தான். ஆறு டயோடுகள் அதை ஒரே திசைக்குத் திருப்பி பேட்டரிக்கு அனுப்புகின்றன. அந்த டயோடுகளே பேட்டரி மின்சாரம் திரும்பிப் பாயாமலும் தடுப்பதால் கட்-அவுட் என்ற ஒன்றுக்கே வேலையில்லை.

உலகம் முழுக்க இந்த மாற்றம் ஏறக்குறைய ஒரே பத்தாண்டில் நடந்தது. சிலிக்கன் டயோடு மலிவானதும் அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் 1960-ஆம் ஆண்டு வேலியன்ட் காரிலேயே ஆல்டர்னேட்டரை வைத்தது. இங்கிலாந்தில் எம்ஜிபி என்ற, இரண்டு பேர் அமரும் காருக்கு 1967-இல் அது வந்தது. எம்ஜிபியின் எஞ்சினும் நம் அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் ஒரே குடும்பம், பிஎம்சி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பி-சீரிஸ். அதனால் டைனமோ பொருத்திய பழைய பி-சீரிஸ் கார்களுக்கு ஆல்டர்னேட்டர் மாட்டுகிற வேலையை இங்கிலாந்துக்காரர்களும் வீட்டுக் கொட்டகையில் இன்றுவரை செய்துகொண்டிருக்கிறார்கள். அங்கே மின்சாமான் செய்தது லூகாஸ், இங்கே சென்னை பாடியில் 1960களின் தொடக்கத்தில் எழுந்த லூகாஸ்-டிவிஎஸ். குத்தாலத்துக் கடைக்காரர் எம்ஜிபியைப் பார்த்ததில்லை. ஆனால் அவர் எட்டிய முடிவும் அவர்கள் எட்டிய முடிவும் ஒன்றுதான்.

வேலை தொடங்கிய அன்று அவர் முதலில் ஸ்பேனரை எடுக்கவில்லை. டெஸ்ட் லாம்ப்பை எடுத்து, பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பார்த்தார். அறுபதுகளின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். டைனமோவுக்கு இரண்டும் ஒன்றே. ஆல்டர்னேட்டரை அப்படித் தலைகீழாகக் கொடுத்தால் டயோடுகள் அந்தக் கணமே எரிந்துபோகும். இந்த வண்டியில் நெகட்டிவ் எர்த். அதைக் கண்ணால் பார்த்த பிறகே டைனமோவைக் கழற்றினார்.

நேரம் பிடித்தது இரும்பு வேலைதான். அம்பாசிடரின் டைனமோ நீள உருளை. முன்னும் பின்னுமாக அதைத் தாங்கும் காதுகளுக்கு இடையில் நல்ல தூரம் உண்டு. மாருதி ஆல்டர்னேட்டரோ குட்டையானது. பின் காதுக்கும் எஞ்சின் பிராக்கெட்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுந்தது. வாஷர்களை அடுக்கி இறுக்கிவிடலாம் என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர். கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. அடுக்கிய வாஷர் அதிர்வில் தளரும், போல்ட் வளையும், கடைசியில் அலுமினியக் காது உடையும். மயிலாடுதுறை லேத்துக்கு அளவு கொடுத்து, ஒரே துண்டாக இரும்பு புஷ் கடைந்து வாங்கி வரச் சொன்னார்.

அடுத்தது புல்லி. அம்பாசிடரின் பெல்ட் அகலம், மாருதிப் புல்லியின் பள்ளம் குறுகல். பெல்ட் பள்ளத்துக்குள் இறங்காமல் மேலேயே நின்றால் வழுக்கும், சூடேறும். டைனமோவின் பழைய புல்லியையே மாற்றிப் போட்டால் பெல்ட் உட்காரும். ஆனால் அது பெரிய புல்லி, ஆல்டர்னேட்டர் மெதுவாகத்தான் சுற்றும், மாற்றியதன் பலன் பாதி போய்விடும். ஆகவே சின்ன விட்டத்திலேயே, அம்பாசிடர் பெல்ட்டுக்கான பள்ளத்தோடு புதுப் புல்லி கடைந்தார்கள். மாட்டிய பிறகு கிராங்க் புல்லி, வாட்டர் பம்ப் புல்லி, இது மூன்றும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்த்தார். கொஞ்சம் விலகினாலும் பெல்ட் ஓரம் பிய்ந்து வரும். அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது, அறுந்தால் எஞ்சின் கொதிக்கும். கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பதைப் பார்த்திருந்த கார்க்காரர், அன்றைக்குத்தான் எஞ்சினுக்கும் அதைப் பிடிக்கிறார்கள் என்று கண்டார்.

ஒயரிங்கில் பழைய கம்பிகளே பாதி உதவின. டைனமோவிலிருந்து கட்-அவுட் பெட்டிக்கு இரண்டு கம்பி போகும். தடித்தது மின்சாரத்துக்கு, மெல்லியது ஃபீல்டு என்ற காந்தச் சுற்றுக்கு. பெட்டியின் உள்வேலை இனித் தேவையில்லை என்பதால் அதை வெறும் இணைப்பு இடமாக வைத்துக்கொண்டு, மெல்லிய கம்பியைச் சிவப்பு விளக்கோடு சேர்த்து ஆல்டர்னேட்டரின் விளக்கு முனைக்குக் கொடுத்தார். இக்னிஷனிலிருந்து இன்னொரு கம்பி. இங்கே ஒரு நுணுக்கம். அந்தச் சிவப்பு பல்பு அலங்காரத்துக்கு இருப்பதில்லை. அதன் வழியாகப் போகிற சிறு மின்சாரம்தான் பல ஆல்டர்னேட்டர்களுக்கு முதல் காந்தத்தைத் தருகிறது. பல்பு பியூஸ் போனால் எஞ்சினை ஒருமுறை ரேஸ் செய்கிறவரை சார்ஜே ஏறாமல் இருக்கும். பிற்காலத்தில் "ஆல்டர்னேட்டர் போச்சு" என்று வந்த சில வண்டிகளில் அவர் மாற்றிக் கொடுத்தது சின்னப் பல்பு மட்டும்தான்.

தடித்த கம்பியைப் பொறுத்தவரை அவர் கறாராக இருந்தார். அது 22 ஆம்பியருக்கு இழுத்த கம்பி. பழசு, எண்ணெய் ஊறியது. புதிய ஆல்டர்னேட்டர் அதைவிட அதிகம் தரும். அந்தக் கம்பியை நம்பினால் நடுராத்திரியில் போனட்டுக்குள் தீப்பிடிக்கும். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குத் தனியாக ஒரு கனமான கேபிளை, நடுவில் ஃபியூஸ் வைத்து இழுத்தார். எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையையும் சுரண்டிச் சுத்தம் செய்தார்.

கார்க்காரருக்கு ஒரு பயம் இருந்தது. ஊரில் எல்லோருக்கும் இருந்த பயம். "இவ்வளவு ஆம்பியர் வந்தா பேட்டரி வெடிச்சிடாதாண்ணே?"

"ஆத்துல எவ்வளவு தண்ணி வந்தாலும் உன் வாய்க்காலுக்கு மதகு எவ்வளவு தொறந்திருக்கோ அவ்வளவுதான தம்பி பாயும்?" என்றார் கடைக்காரர்.

சரியான பதில். ஆல்டர்னேட்டரின் தகட்டில் எழுதியிருக்கும் ஆம்பியர் அது தரக்கூடிய உச்சம். தள்ளிக்கொண்டே இருக்கும் அளவு அல்ல. ரெகுலேட்டர் வோல்டேஜை 14 வோல்ட்டை ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. விளக்கும் பேட்டரியும் எவ்வளவு கேட்கின்றனவோ அவ்வளவே ஓடும். பேட்டரி கொதித்தால் குற்றவாளி ரெகுலேட்டர், பெரிய ஆல்டர்னேட்டர் அல்ல.

எஞ்சினை ஸ்டார்ட் செய்து, எல்லா விளக்கையும் போட்டு, வைப்பரையும் ஓடவிட்டு மீட்டரை பேட்டரியில் வைத்தார்கள். சும்மா ஓடும் வேகத்தில் பதிமூன்றரைக்கு மேல் நின்றது. லேசாக ஆக்சிலரேட்டரை மிதித்தால் பதினான்கைத் தொட்டது. அந்த எண்ணைக் கார்க்காரர் இன்றைக்கும் சொல்லும்போது முகம் மலர்கிறது. அந்தக் கார்த்திகையிலிருந்து வண்டியை யாரும் தள்ளவில்லை.

பழைய பழக்கங்களை விடுவதுதான் அதற்குப் பிறகு கஷ்டமாக இருந்தது. டைனமோ சார்ஜ் செய்கிறதா என்று பார்க்க ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்ப்பது அந்தக் காலத்து டிரைவர்களின் வழக்கம். எஞ்சின் நிற்காவிட்டால் டைனமோ நல்லது என்று அர்த்தம். ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால், சுமை திடீரென்று விலகியதும் வோல்டேஜ் துள்ளி எழுந்து டயோடையும் ரெகுலேட்டரையும் எரித்துவிடும். டைனமோவைக் கழற்றி மாட்டிய பிறகு ஃபீல்டு முனையில் கம்பியை ஒரு தொடு தொட்டுப் பொறி வரவழைப்பார்கள், துருவம் சரியாக. அதே தொடுதலை ஆல்டர்னேட்டரில் செய்தாலும் சேதம்தான். பாடிக்கு வெல்டிங் வைக்கும்போது பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும் என்பதையும் கடைக்காரர் ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்பினார். சொல்லாமல் விட்ட கடைகளில் "மாருதி சாமான் அம்பாசிடருக்கு ஒத்துக்காது" என்ற பேச்சு பரவியது. அது அநியாயமான பேச்சு. சாமான் ஒத்துக்கொண்டது; சோதனை முறைதான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒத்துக்கொள்ளாத இடங்களும் உண்டு. அவற்றை மறைத்துவிட்டு இந்த வேலையைப் புகழ்வது ஆபத்து. பக்கத்து ஊரில் ஒருவர் தன் டீசல் வேனுக்குப் பெட்ரோல் கார் ஆல்டர்னேட்டரை மாட்டினார். சார்ஜ் நன்றாக ஏறியது. கொஞ்ச தூரம் போய் பிரேக்கை மிதித்தால் கல்லைப் போல இருந்தது. டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப் போல உறிஞ்சும் வெற்றிடம் கிடையாது. பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தை உண்டாக்க ஒரு பம்ப் வேண்டும். பல டீசல் வண்டிகளில் அந்த வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும், எஞ்சின் எண்ணெய் அதற்குள் போய்வரும். அதைக் கழற்றிப் போட்டவர் பிரேக்கின் பலத்தையும் சேர்த்துக் கழற்றிவிட்டார். நல்லவேளை, எதிரே யாரும் இல்லை. டீசல் வண்டிக்கு ஆல்டர்னேட்டர் மாற்றுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது ஆம்பியரை அல்ல, பின்பக்கத்தை. லாரிச் சாமானைக் காருக்கு வாங்குகிறவர்கள் அது 24 வோல்ட்டா என்றும் பார்க்க வேண்டும்.

காவிரி டெல்டாவில் இந்தக் கைத்திறன் வயலுக்கும் போனது. மழை வருமுன் அறுத்துவிட வேண்டும் என்று சம்பாவை ராத்திரியிலும் அறுக்கிறார்கள். டிராக்டரிலும் அறுவடை இயந்திரத்திலும் கூடுதலாக வேலை விளக்குகள் ஏறுகின்றன, பழைய ஆல்டர்னேட்டர் திணறுகிறது, பெரியதைத் தேடுகிறார்கள். கேட்கிற கேள்விகள் அவையேதான்: எத்தனை வோல்ட், காதுகள் எங்கே, புல்லி எவ்வளவு, கம்பி தாங்குமா. அளவு எவ்வளவு பெரிதானாலும் தத்துவம் மாறுவதில்லை. குத்தாலத்திலேயே 2003–04-இல் ஓடத் தொடங்கிய 101 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் இருக்கிறது. அதன் பிரம்மாண்டமான ஜெனரேட்டரிலும் சுழல்வது காந்தம், மின்சாரம் எடுப்பது அசையாத சுற்றிலிருந்து. மாருதியின் சின்ன அலுமினியக் கூட்டுக்குள் நடப்பதும் அதுவே.

2014 ஜனவரியில் மாருதி 800-இன் உற்பத்தி நின்றது. அதே ஆண்டு மே மாதம் உத்தரப்பாடா தொழிற்சாலையில் அம்பாசிடரும் நின்றது. ஒன்றின் உறுப்பை வாங்கி ஓடியதும், உறுப்பைக் கொடுத்ததும் ஒரே ஆண்டில் முடிந்தன. மறு ஆண்டு மாருதி நிறுவனமே சியாஸ் காரில், ஆல்டர்னேட்டரும் ஸ்டார்ட்டரும் ஒன்றான இயந்திரத்தை வைத்து, எஞ்சினுக்குத் தோள் கொடுக்கவும் செய்தது. இன்றைய கார்கள் பலவற்றில் எவ்வளவு சார்ஜ் ஏற வேண்டும் என்பதை வண்டியின் கணினி முடிவு செய்கிறது. பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஒரு சென்சார், ஆல்டர்னேட்டருக்குக் கட்டளை போக ஒரு கம்பி. அளவு பொருந்துகிறதே என்று அங்கே வேறு மாடலை மாட்டினால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும், சார்ஜும் தாறுமாறாகும். புது வண்டியில் இந்தப் பரிசோதனை வேண்டாம். பார்ட் நம்பரைப் பார்த்து அதையே வாங்குங்கள்.

பழைய அம்பாசிடரோ பத்மினியோ டைனமோவோடு வைத்திருப்பவர்கள் தயங்க வேண்டியதில்லை. ஆனால் மெக்கானிக்கிடம் வண்டியை விட்டுவிட்டுப் போகாமல் பக்கத்தில் நில்லுங்கள். எர்த் எந்தப் பக்கம் என்று பார்த்தாரா, வாஷர் அடுக்காமல் புஷ் கடைந்தாரா, பேட்டரிக்குப் புதுக் கேபிள் ஃபியூஸோடு இழுத்தாரா என்று கேளுங்கள். கடைசியில் எல்லா விளக்கையும் போட்டு, எஞ்சின் சும்மா ஓடும்போது மீட்டர் பதிமூன்றரைக்கு மேல் காட்டினால் பணத்தைக் கொடுங்கள். காட்டாவிட்டால் வண்டியை அங்கிருந்து எடுக்காதீர்கள்.